உழைப்பின் கதையும் கவசத்தின் கண்ணியும்

உழைப்பாளரைப் பற்றி எழுதுவது வேறு. உழைப்பைப் பற்றி எழுதுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதனால், தமிழில் தொழிற்களம் பற்றிய கதைகளும் கவிதைகளும் எண்ணிக்கையில் பெருகிய அளவுக்குத் தரத்தில் உயரவில்லை என்பது என் கருத்து. கதையில் ஆலைத் தொழிலாளி ஒருவன் வருகின்றான். அவனுக்கு நோயுற்ற தாயும் மணமாகாத தங்கையும் இருக்கின்றனர். முதலாளி கொடியவன். இறுதியில் சங்கு ஊதுகின்றது, கொடி உயர்கின்றது. அவன் எட்டு மணி நேரம் தன் இரு கைகளால் என்ன செய்தான் என்று கேட்டால் கதையில் விடை இல்லை. 'ஆலை' என்ற சொல்லை நீக்கி 'அங்காடி' என்று போட்டாலும் கதை தடையின்றி நடக்கும். கவிதையின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அங்கே வியர்வை முத்தாகின்றது. எந்தத் தொழிலாளியின் வியர்வையும் முத்தானதில்லை. அது உப்பாகிச் சட்டை முதுகில் வெள்ளையாய்ப் படியும். அந்த வெள்ளைக் கோட்டைக் கண்டு எழுதிய கவிஞர் மிகச் சிலர்.

அரபு கற்றோர்க்கு இங்கே ஒரு சொல் நினைவுக்கு வரும். திருமறையின் 34ஆம் அத்தியாயமாகிய ஸபாவில், தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பு இளக்கித் தரப்பட்டதும், போர்க்கவசம் செய்யும்போது கண்ணிகளை அளவறிந்து கோக்குமாறு அவர்கள் பணிக்கப்பட்டதும் கூறப்படுகின்றன. கண்ணி கோத்தலுக்கு அங்கு வந்துள்ள சொல் 'ஸர்து'. ஆணி தடித்தால் வளையம் பிளக்கும், மெலிந்தால் கழலும், ஆகவே அளவு பேணுக என்று விரிவுரையாளர் விளக்குவர். அதே சொல்தான் பேச்சைத் தொடுத்துச் செல்வதற்கும் வழங்குகின்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உங்களைப்போல் இடைவிடாது அடுக்கிப் பேசியதில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறிய இடத்தில் வருவதும் அதுவே. இக்கால அரபுத் திறனாய்வாளர் கதைசொல்லும் கலைக்கே 'ஸர்து' என்று பெயரிட்டுவிட்டனர். ஒரு சொல்லொற்றுமையைக் கொண்டு சட்டம் வகுக்க நான் முற்படவில்லை. ஆயினும், கொல்லனுக்கு இடப்பட்ட கட்டளை கதாசிரியனுக்கும் பொருந்துமாறு அம்மொழி அமைந்திருப்பதை எண்ணி வியக்கின்றேன்.

தமிழுக்கும் இது புதிதன்று. அகநானூற்றின் 140ஆம் பாட்டில் அம்மூவனார் உமணர் மகளைக் காட்டுகின்றார். நெல்லுக்கு ஈடாக உப்பு என்று அவள் தெருவில் விலை கூறுகின்றாள், வேற்றுக் குரல் கேட்ட வீட்டு நாய் குரைக்கின்றது, அவள் வெருளுகின்றாள். அவள் துன்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சரக்கு, விலை, குரல், நாய் ஆகிய நான்கும் போதுமானவையாயின. அதுவும் அது காதற்பாட்டு!

உப்பையே பொருளாகக் கொண்ட புதினம் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' (1979). அம்மையார் தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரிற் சென்று, மக்களோடு பழகி, கேட்டறிந்து எழுதியவர். அளத்து வெயிலும், உவர்நீரில் நின்று வெடித்த கால்களும், வெண்மையின் கூச்சத்தால் கண்ணுக்கு நேரும் கேடும், பெண் தொழிலாளிக்குக் கூலியோடு சேர்ந்து வரும் இழிவும் அதில் உள்ளன. பொன்னாச்சி என்னும் பெண் அளத்தில் கால் வைக்கும்போது நம் காலும் எரிகின்றது. குறை ஒன்று உண்டு. ஆசிரியர் திரட்டிய செய்திகளைச் சில இடங்களில் பாத்திரங்கள் தம் வாயால் ஒப்பிக்கின்றனர். அங்கே ஆணி தடித்துவிடுகின்றது. எனினும், தொழிலை அறியாமல் தொழிலாளியை எழுத முடியாது என்னும் நேர்மையை அந்நூலிலிருந்து நாம் கற்கலாம்.

அதற்கு முன்னரே, 1953இல், ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' கைத்தறியாளர் வாழ்வைச் சொல்லிற்று. நூல் கிடைக்காமல் தறி ஓய்ந்த வீட்டில் அடுப்பும் ஓய்வதை அதன் தலைப்பே சொல்லிவிடுகின்றது. கொள்கை பேசும் பக்கங்களில் புதினம் மேடையாகிவிடுகிறது என்பதைத் தவிர அதனைப் பற்றி ஈண்டு மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2012இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற டி. செல்வராஜின் 'தோல்' திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளரைப் பற்றியது. இந்நூலை நம் சமுதாயத்தார் சற்று நின்று படித்தல் வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று தோல் தொழில் தழைத்த ஊர்களில் முதலாளிமார் பலர் நம்மவர். அவர்தம் கொடைகளால் கல்விக்கூடங்கள் எழுந்தன; அதை மறுப்பவன் நன்றி கொன்றவன். ஆனால் நம் எழுத்தில் கொடையாளரின் வரலாறு உண்டு, கப்பற்காரரின் பெருமை உண்டு, சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்றவனின் கதை உண்டா? வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் இறைவனே வழக்காடுவான் என்னும் நபிமொழியை மேடைதோறும் முழங்குகின்றோம். அதற்குரிய கதையைப் பிறரே எழுத விடுகின்றோம். கீரனூர் ஜாகிர்ராஜாவின் 'மீன்காரத் தெரு' போன்ற விதிவிலக்குகள் வந்தபோது அவற்றை வரவேற்றதினும் முகஞ்சுளித்தது மிகுதி.

இனி நம் கண்முன் உள்ள களத்துக்கு வருவோம். 1997இல் தனி மாவட்டமாகிய திருவள்ளூரின் வடகோடியில், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் அதைச் சூழ்ந்தும் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பியாக்கும் ஆலைகள் பல உள்ளன. உலையில் எஃகு ஏறத்தாழ 1600 டிகிரி வெப்பத்தில் உருகி நிற்கும். அதில் போடும் பழைய இரும்பில் நீர் தேங்கிய குழாய் ஒன்று, வாயடைத்த உருளை ஒன்று கலந்துவிட்டால், நீர் நொடியில் ஆவியாகி உருகிய இரும்பை வெளியே வீசும். குவியலிலிருந்து பொறுக்கிப் போடுபவனின் கண் தவறினால் உலையருகில் நிற்பவனின் உடல் வேகும். மழையைப் பாடாத தமிழ்க் கவிஞன் இல்லை. மழை பெய்த மறுநாள் காலை, நனைந்த இரும்புக் குவியலின் முன் நிற்பவன் மழையை எவ்வாறு நினைப்பான் என்று பாடியவனை நான் இன்னும் காணவில்லை. அவ்வட்டாரத்து இளைஞர் எழுதிய கவிதைகளைப் படித்திருக்கின்றேன். அவற்றிலும் உலை உவமையாகவே வருகின்றது: வயிறு உலை, நெஞ்சு உலை. கூப்பிடு தொலைவில் இருக்கும் உண்மை உலையை உவமை மறைத்துவிட்டது.

சீனத்து ஷென்ஜெனில் பாக்ஸ்கான் ஆலையில் உழைத்து, 2014இல் 24ஆம் வயதில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட சூ லீஜி என்னும் இளைஞன், மிகைநேர வேலை நடக்கும் இரவில் ஒரு திருகாணி தரையில் விழுவதைக் கவிதையாக்கினான். திருகாணி திருகாணியாகவே இருந்தது. அதனாலேயே உலகம் அதைப் படித்தது.

கும்மிடிப்பூண்டிக் கதைக்கு மற்றொரு தடை உண்டு. அங்கே உலையடியில் நிற்போருள் பலர் பீகார், ஒடிசா, வங்காளம் ஆகிய இடங்களிலிருந்து வந்தோர். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலும், ஒடிசாவின் பலாங்கீர் முதலிய பகுதிகளிலிருந்து முன்பணம் பெற்றுக் குடும்பத்தோடு வந்து கல் அறுப்போர் உள்ளனர். இவர்கள் நம் கதைகளில் வரும்போது 'வடக்கன்' என்ற ஒற்றைப் பெயரோடு, பெரும்பாலும் நகைப்புக்குரியவராகவோ ஐயத்துக்குரியவராகவோ வருகின்றனர். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதியார் அழுத மொழி இது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் நரகத்தைப் புதுமைப்பித்தன் 'துன்பக் கேணி'யில் எழுதிய மொழியும் இதுவே. அன்று கங்காணியோடு கப்பலேறியவர் நாம். இன்று காண்டிராக்டரோடு ரயிலில் வந்திறங்குபவர் அவர். சிங்கப்பூரில் 2014இல் புலம்பெயர் தொழிலாளர்க்கென்று கவிதைப் போட்டி தொடங்கியபோது வங்கமொழியில் எழுதிய கட்டடத் தொழிலாளர் பரிசு பெற்றனர். எழுதுவோர் கும்மிடிப்பூண்டியிலும் இருப்பர், ஒடியாவிலோ போஜ்புரியிலோ கைப்பேசியில் எழுதி வைத்திருப்பர். கேட்டு வாங்கித் தமிழாக்கத்தான் ஆள் இல்லை. இதழ் நடத்துவோர்க்கு இது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

தொழிற்பேட்டைகளை அடுத்த பள்ளிவாசல்களில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அவர்களும் வருகின்றனர். தோளோடு தோள் சேர்த்து ஒரே வரிசையில் நிற்கின்றோம். ஓதப்படும் அரபு இருவர்க்கும் பொது. பயான் முழுவதும் தமிழில் நடக்கின்றது. அவர்கள் தலைகுனிந்து, பொறுமையாக அமர்ந்திருக்கின்றனர்.