திருடன் எந்த வெளியில்?

மாலை ஆறு மணிக்குத் தாம்பரம் ரயில் நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயில் நிற்குமுன்பே கூட்டம் நடைமேடையை நிறைத்துவிடும். படிக்கட்டில் ஏறும் ஒவ்வொருவர் கையும் தன்னையறியாமலே பையின் மீது போய் அமரும். கூட்டத்தில் திருடன் இருக்கலாம் என்பது நமக்குப் பழக்கத்தால் வந்த அறிவு. அந்தத் திருடனுக்கு உடல் உண்டு. அவன் நிற்க ஓர் இடம் வேண்டும். ஓட ஒரு தெரு வேண்டும்.

அதே பயணி சேலையூரிலோ முடிச்சூரிலோ உள்ள தம் வீட்டுக்குப் போய்க் கதவைத் தாழிட்டு அமர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைபேசி ஒலிக்கிறது. திரையில் காவல்துறைச் சீருடையில் ஒருவர் தோன்றி, "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், இடத்தை விட்டு அசையக் கூடாது" என்கிறார். இரண்டு மணி நேரத்தில் ஆயுட்காலச் சேமிப்பு கரைந்துவிடுகிறது. பூட்டு உடையவில்லை, ஓட்டைப் பிரித்து எவரும் இறங்கவில்லை. இப்போது சொல்லுங்கள், திருடன் எங்கே இருந்தான்?

இந்தக் கேள்விக்கு ஒரு கொள்கை வடிவில் விடை தர முயன்றவர் கே. ஜெய்சங்கர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் பயின்று, திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். புள்ளிவிவர வரைபடத்தில் தொடங்கி, கணிப்பொறிக் குற்றங்களுக்கு வந்து, அவற்றின் ஆய்வுக்கென ஒரு தனித்துறையையே முன்மொழிந்தவர். அவர் ஆராய்ச்சியில் நிலைத்து நிற்பது எது, நிற்காதது எது என்று இங்கே சீர்தூக்கிப் பார்ப்போம்.

வரைபடத்தில் தொடங்கிய பயணம்

சென்னை மாநகரக் காவலில் குற்ற வரைபடம் அமைப்பது குறித்து ஜெய்சங்கரும் இணை ஆய்வாளர்களும் 2004ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். புவியியல் தகவல் முறை என்னும் கணிப்பொறி நுட்பம் அதற்கு அடிப்படை. இந்த நுட்பத்தைப் புரிந்துகொள்வது எளிது. ஒரு கண்ணாடித் தாளில் தெருக்களை வரையுங்கள். இன்னொரு தாளில் திருட்டு நடந்த இடங்களைப் புள்ளிகளாகக் குறியுங்கள். மூன்றாவது தாளில் பேருந்து நிறுத்தங்கள், மதுக்கடைகள், விளக்கில்லாத சந்துகள். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், தனித்தனியே பார்க்கும்போது தெரியாத உறவுகள் கண்ணுக்குப் புலப்படும். தாள்களுக்குப் பதிலாகக் கணிப்பொறி இதைச் செய்கிறது, அவ்வளவுதான்.

கருத்து மிகப் பழமையானது. பிரான்சில் பால்பி, கெரி என்னும் இருவர் 1829இலேயே குற்றங்களை மாவட்ட வாரியாக வரைபடத்தில் காட்டினார்கள். 1854இல் லண்டனில் ஜான் ஸ்னோ காலரா மரணங்களை வரைபடத்தில் குறித்து, நோயின் ஊற்று ஒரு தெருக் குழாய் என்பதற்குச் சான்று காட்டினார். அந்த மரபைச் சென்னைத் தெருக்களுக்குக் கொண்டுவந்தது பாராட்டத்தக்க பணி. குறிப்பேடுகளில் முடங்கிக் கிடந்த தகவல் இதனால் பேசத் தொடங்கியது.

ஆனால் மாணவ நண்பர்களே, ஒன்றை நினைவில் வையுங்கள். ஸ்னோவின் புள்ளி ஒரு மரணம். அதை மறைக்க முடியாது. காவல்துறை வரைபடத்தின் புள்ளியோ நடந்த குற்றமன்று, பதிவான குற்றம். இரண்டுக்கும் இடையே உள்ள பள்ளம் சிறியதன்று. பணப்பையைப் பறிகொடுத்தவர்களில் எத்தனை பேர் காவல் நிலையத்துக்குப் போகிறார்கள்?

நம் பகுதியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. 2022 ஜனவரி 1 முதல் தாம்பரம் தனிக் காவல் ஆணையரகம் ஆயிற்று, ஆவடியும் அப்படியே. அதுவரை சென்னைப் பெருநகரக் காவலின் எல்லைக்குள் இருந்த பல நிலையங்கள் பிரிந்துபோயின. இப்போது ஒரு மாணவர் சென்னையின் 2021ஆம் ஆண்டுக் குற்ற எண்ணிக்கையையும் 2022ஆம் ஆண்டு எண்ணிக்கையையும் அருகருகே வைத்தால் என்ன ஆகும்? ஒரே ஒரு திருடன்கூடத் திருந்தாமலே குற்றம் குறைந்ததுபோல் தோன்றும்! மாறியது குற்றமன்று, கோடு.

இன்னும் ஆழமான குறை ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரப் போதைப்பொருள் வழக்குப் பதிவுகளைக் கொண்டு, கிறிஸ்டியன் லம், வில்லியம் ஐசக் என்னும் ஆய்வாளர்கள் 2016இல் ஒரு சோதனை செய்தார்கள். பழைய பதிவுகளை ஒரு முன்கணிப்பு நிரலில் இட்டபோது, ஏற்கெனவே காவலர் அதிகம் சுற்றிய பகுதிகளுக்கே அது மீண்டும் காவலரை அனுப்பச் சொன்னது. தேடிய இடத்தில் கிடைக்கும். கிடைத்த இடத்தில் மேலும் தேடுவார்கள். இந்தச் சுழலில் சிக்கிய வரைபடம் தன் முகத்தையே கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறது. குற்ற வரைபடம் வரைபவர்கள் அனைவரும் இக்கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

வெளிமாற்றக் கொள்கை

வரைபடத்துக்கு ஓர் இடம் வேண்டும். இணையக் குற்றத்துக்குப் புள்ளி வைப்பது எங்கே? பணம் இழந்தவர் குரோம்பேட்டையில் இருக்கிறார். பணம் போன வங்கிக் கணக்கு வேறொரு மாநிலத்தில். பேசியவன் வேறொரு நாட்டில். வரைபடம் இங்கே கையை விரித்துவிடுகிறது. ஜெய்சங்கர் அடுத்த அடியை எடுத்து வைத்தது இந்த இடத்தில்தான் என்று நான் கருதுகிறேன். இணையக் குற்றவியலுக்கென 2007இல் ஒரு பன்னாட்டு ஆய்விதழைத் தொடங்கினார். தம் கொள்கையையும் அக்காலத்திலேயே வெளியிட்டார். அதை 'வெளிமாற்றக் கொள்கை' என்று தமிழில் சொல்லலாம்.

அதன் சாரம் இது: மனிதன் நிலவெளியில் நடந்துகொள்வது ஒரு விதம், மின்வெளியில் நடந்துகொள்வது வேறு விதம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது அவன் நடத்தையும் மாறுகிறது. இதை ஏழு கூற்றுகளாக விரிக்கிறார் அவர். குற்ற எண்ணம் உள்ளே இருந்தும் மதிப்புக்கும் பதவிக்கும் அஞ்சி அடக்கி வைத்திருப்பவர், திரைக்குப் பின்னால் அதைச் செய்யத் துணிவார். பெயரை மாற்றிக்கொள்ளும் வசதியும் தண்டனை பயமின்மையும் அதற்குத் துணை. அங்கே பழகியது இங்கே வரலாம். இங்கே பழகியது அங்கே போகலாம். அவ்வப்போது மட்டும் நுழைந்து வெளியேறுவதால் தப்புவது எளிது. அறிமுகமற்றவர்கள் மின்வெளியில் கூடி நிலவெளியில் குற்றம் செய்யலாம். நிலவெளி நண்பர்கள் மின்வெளியில் கூடலாம். மூடிய சமுதாயத்தவர் திறந்த சமுதாயத்தவரைவிட மின்வெளிக் குற்றத்தில் அதிகம் இறங்குவர். இரு வெளிகளின் நெறிகள் மோதுவதாலும் குற்றம் பிறக்கும்.

உரைகல்லில் உரைத்தால்

பொன்னை உரைத்துத்தான் பார்க்க வேண்டும். சென்னையின் வழக்கு ஒன்றையே உரைகல்லாகக் கொள்வோம். ஒரு பெண்ணை மணக்க விரும்பி மறுக்கப்பட்ட ஒருவர், அப்பெண்ணின் பெயரில் பொய்யான மின்னஞ்சல் முகவரி தொடங்கி, இணையக் குழுவில் ஆபாசச் செய்திகளை வெளியிட்டார். அதை நம்பியவர்கள் அப்பெண்ணைத் தொலைபேசியில் தொந்தரவு செய்தார்கள். 2004 பிப்ரவரியில் புகார்; அதே ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் எழும்பூர் நீதிமன்றத்தில் தண்டனைத் தீர்ப்பு. 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவின் கீழ் இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனையாக இது பேசப்படுகிறது.

கொள்கை இங்கே அழகாகப் பொருந்துகிறது. தெருவில் நின்று சொல்லத் துணியாததைத் திரையில் எழுதினார், பெயரை மறைத்தார், மின்வெளியில் செய்தது நிலவெளியில் தொலைபேசி மணியாக ஒலித்தது. ஆனால் தப்புவது எளிது என்ற கூற்று பொருந்தவில்லை. கணிப்பொறி விட்டுச்சென்ற தடமே அவரைக் காட்டிக்கொடுத்தது. மின்வெளி மறைவிடம் மட்டுமன்று. அழியாத கால்தடம் பதியும் ஈரமண்ணும்கூட.

மேலும், நடந்து முடிந்ததற்குப் பொருத்தம் பார்ப்பது ஜாதகம் பார்ப்பது போன்றது. விஞ்ஞானக் கொள்கை என்றால் நடக்க இருப்பதைச் சொல்ல வேண்டும். தவறாகிப் போகும் துணிவும் அதற்கு வேண்டும். 'அங்கிருந்து இங்கே வரும், இங்கிருந்து அங்கேயும் போகும்' என்றால் எந்த நிகழ்ச்சி அதைப் பொய்யாக்கும்? 'மழை வந்தாலும் வரும், வராமலும் போகும்' என்னும் வானிலை அறிக்கையை யாரும் குறைகூற முடியாது. அதைக் கேட்டுக் குடை எடுத்துப்போகவும் முடியாது. 'மூடிய சமுதாயம்' என்பதற்கு அளவுகோல் தராதவரை அந்தக் கூற்றையும் சோதிக்க இயலாது.

மூன்றாவது மறுப்பு வரலாற்றிலிருந்து வருகிறது. அந்தக் கொள்கை கற்பனை செய்த குற்றவாளி தனியறையில் அமர்ந்திருக்கும் ஒருவர். மானம் மரியாதைக்கு அஞ்சுபவர். இன்று உங்களை மிரட்டும் குரல் யாருடையது? மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இணைய மோசடி வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. வேலை தேடிப் போய்ச் சிறைப்பட்டவர்கள் அவர்கள். அடக்கி வைத்த ஆசை அவர்களை அங்கே உட்கார வைக்கவில்லை. பூட்டிய வாயிற்கதவு உட்கார வைத்தது. அவர்களைப் பொறுத்தவரை நிலவெளிதான் மின்வெளியை ஆள்கிறது.

'பழைய கள், புதிய மொந்தை' என்பார்களே, அப்படித்தானா கணிப்பொறிக் குற்றம் என்று ஆஸ்திரேலியக் குற்றவியலாளர் பீட்டர் கிராபோஸ்கி 2001இலேயே வினவினார். குற்றத்துக்கு மூன்று வேண்டும் என்பது கோஹன், பெல்சன் ஆகியோர் 1979இல் சொன்னது: செய்ய முனைபவன், எளிதான இலக்கு, காவல் இல்லாமை. டிஜிட்டல் கைது மோசடியை இம்மூன்றைக் கொண்டே பெரும்பாலும் விளக்கிவிடலாம் என்பது என் கருத்து. புதிதாக எஞ்சுவது ஒன்று: பெயரும் முகமும் மறையும்போது மனிதன் ஏன் மாறுகிறான் என்பது. அதை உளவியலாளர் ஜான் சூலர் 2004இல் விளக்கியிருந்தார். அதைக் குற்றவியலின் முற்றத்துக்குக் கொண்டுவந்தது ஜெய்சங்கரின் பங்களிப்பு. அது சிறிதன்று, ஆயினும் அது தொடக்கம், முடிபன்று.

நிரபராதியின் கணக்கு

வரைபடம், கொள்கை இவற்றுக்கு அடுத்தபடி கருவி. முகத்தைப் பார்த்துக் குற்றவாளியை அடையாளம் காணும் மென்பொருள் தமிழகக் காவல்துறையிலும் புழங்குகிறது. அதை நாம் எப்படி மதிப்பிடுவது? தாளும் பென்சிலும் எடுங்கள்.

ஒரு நிலையத்தின் வழியே ஒரு நாளில் 1,00,000 பேர் போகிறார்கள் என்று கொள்வோம். அவர்களில் தேடப்படுவோர் 10 பேர். கருவி அந்தப் பத்தில் 9 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. நிரபராதிகளில் ஆயிரத்துக்கு ஒருவரை மட்டும் தவறாகப் பிடிக்கிறது. '99.9 சதவீதம் துல்லியம்' என்று விளம்பரம் செய்யத் தக்க கருவிதான். ஆனால் மணி அடிக்கும் மொத்தத் தடவை சுமார் 109. அவற்றில் உண்மை 9, பொய் 100! நிறுத்தி விசாரிக்கப்படும் நூறு பேரில் 92 பேர் வேலை முடிந்து வீடு திரும்பும் உங்களையும் என்னையும் போன்றவர்கள்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் காவல்துறையால் 2020 ஜனவரியில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் இத்தகைய மென்பொருளின் தவறான பொருத்தத்தால் தம் பிள்ளைகளின் கண்ணெதிரே கைது செய்யப்பட்டு, 30 மணி நேரம் அடைத்து வைக்கப்பட்டார்.

குற்றம் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலும் விடுபடுவது இந்தப் பக்கம்தான். வரைபடத்தில் திருட்டுக்குப் புள்ளி உண்டு. தவறாகப் பிடிபட்டவருக்குப் புள்ளி இல்லை. கொள்கையில் குற்றவாளியின் மனம் உண்டு. கருவியின் பிழை இல்லை. நீதித் தொழில்நுட்பம் என்ற பெயருக்கு ஒன்று தகுதி பெற வேண்டுமானால், எத்தனை பேரைப் பிடித்தது என்பதோடு எத்தனை பேரைத் தவறாகப் பிடித்தது என்பதையும் அது வெளியிட வேண்டும்.

முடிவாக

ஜெய்சங்கரின் பணியில் என்னைக் கவர்வது விடையைவிட வினா. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களின் வாயிலில் காத்திராமல், திருநெல்வேலியிலிருந்து ஒரு துறைக்குப் பெயர் சூட்டி, உலக அறிஞர்களை அதில் எழுத வைத்தது சாதாரணச் செயலன்று. அவருடைய ஏழு கூற்றுகளை விதிகளாகக் கொண்டால் ஏமாற்றம் மிஞ்சும். சோதிக்க வேண்டிய கருதுகோள்களாகக் கொண்டால் ஒரு தலைமுறைக்கு வேலை இருக்கிறது.

அந்த வேலையை நீங்களே தொடங்கலாம். உங்கள் கல்லூரியில் ஐம்பது பேரிடம் பெயர் கேட்காமல் ஒரு வினாத்தாள் கொடுங்கள். முகமறைவில் எழுதியதை நேரில் சொல்வார்களா என்று கேளுங்கள். தம் பெயரில் எழுதுபவர்களையும் மாற்றுப் பெயரில் எழுதுபவர்களையும் ஒப்பிடுங்கள். விடை கொள்கைக்கு எதிராக வந்தால் வருந்தாதீர்கள்; அப்போதுதான் நீங்கள் விஞ்ஞானம் செய்கிறீர்கள்.

இதற்கிடையில் திரையில் சீருடை தோன்றினால் அஞ்ச வேண்டாம். 'டிஜிட்டல் கைது' என்று நம் சட்டத்தில் எதுவும் இல்லை. இணைப்பைத் துண்டியுங்கள், பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். நிலையத்தில் பையின் மீது தானாகப் போகும் கை, திரையின் முன்னும் அப்படியே போகப் பழகட்டும்.