கரிகாலனைக் கொன்றது யார் என்று கேட்கிறவர்களுக்கு

எழுபது வருசத்துக்கு மேலாகத் தமிழ் வாசகர்கள் ஒரு கொலைவழக்கைத் துப்புத் துலக்கிக்கொண்டிருக்கிறார்கள். 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி தெளிவாகச் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்த இடைவெளியில் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதப்படுகிறது. நந்தினியின் கடைசித் திட்டம் என்ன? பாண்டிய வாரிசுக்கு முடி சூட்டுவதா, சோழ குலத்தையே பூண்டோடு அழிப்பதா? ரவிதாசன் அவள் கையாளா, அவள் ரவிதாசன் கையாளா? 2022லும் 2023லும் மணிரத்னத்தின் படங்கள் வந்தபோது ஆவடி, அம்பத்தூர் மின்சார ரயிலில் ஷிப்டு முடித்து வருகிற பையன்கள்கூட இதைத்தான் பேசினார்கள். உத்தம சோழன்தான் என்றான் ஒருவன். 'இல்லடா, லாபம் யாருக்குன்னு பாரு. ராஜராஜனும் குந்தவையும்தான்' என்றான் இன்னொருவன்.

இந்தச் சந்தேகப் புத்தியை நான் கேலி செய்யவில்லை. எழுதியதை அப்படியே நம்பாமல், யாருக்கு லாபம் என்று கேட்பது நல்ல வாசிப்பு. என் புகார் வேறு. இந்தச் சந்தேகம் அரண்மனை வாசலோடு நின்றுவிடுகிறது. வெளியே வர மறுக்கிறது.

முதலில் கல்வெட்டுக்குப் போவோம். காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராயன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராயன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. பிரமாதிராயன் என்பது பிராமண அதிகாரிகளுக்கு அரசு கொடுத்த பட்டம். வீரநாராயண சதுர்வேதிமங்கலத்துச் சபைக்குப் போன ஆணை அது. அந்தத் துரோகிகள், அவர்கள் உறவினர் ஆகியோரின் சொத்தைப் பறிமுதல் செய்வது பற்றியது. தலையை வெட்டுவது பற்றி அதில் பேச்சே இல்லை.

நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். குடவாயில் பாலசுப்ரமணியன் மீண்டும் அந்தக் கல்வெட்டை எடுத்து ஆராய்ந்தார். இத்தனை பேர் உழைத்த பிறகும், வாசகன் மனதில் கொலைகாரனாக நிற்பது கல்வெட்டின் பிரமாதிராயன் அல்ல. கல்கியின் மந்திரவாதி.

இங்கேதான் இந்தப் பிரதியைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். பட்டமும் நிலமும் சபையில் இடமும் இருந்த அதிகாரி, நாவலில் காட்டில் ஆந்தைபோல் கத்துகிற மந்திரவாதி ஆகிறான். கல்வெட்டில் வரும் சோமன், நாவலில் சோமன் சாம்பவன் ஆகிறான். சதிக்கூட்டத்தில் சாமியாடுகிற தேவராளனும் தேவராட்டியும் சேர்கிறார்கள். இடும்பன்காரி சேர்கிறான். சாம்பவர் என்பது நம் சனங்களுக்குள்ள பெயர்களில் ஒன்று. கல்கி அதை நினைத்துத்தான் வைத்தாரா என்பதல்ல என் கேள்வி. வாசிக்கிறவன் காதில் என்ன விழுகிறது என்பதுதான் கேள்வி. பிரம்மதேயத்துக்குள்ளே பிறந்த சதி, காட்டுக்கும் சுடுகாட்டுக்கும் வெறியாட்டுக்கும் குடிபெயர்ந்துவிட்டது. வில்லனின் முகம் கறுத்துப்போய்விட்டது.

கதாநாயகர்கள் பக்கமும் இதே கணக்குத்தான். பூ கட்டிக் கோயிலுக்குக் கொடுக்கிற ஏழை சேந்தன் அமுதன் கடைசியில் அரசனாகிறான். ஏன்? அவன் செம்பியன் மாதேவியின் மகன் என்று தெரியவருவதால். இளவரசனாக வளர்ந்தவன் விலக வேண்டியிருக்கிறது. ஏன்? அவன் பிறப்பு வேறு என்பதால். நந்தினி அர்ச்சகர் வீட்டில் வளர்ந்த, பிறப்புத் தெரியாத பெண். இளவரசனுக்கு ஆகாதவள் என்று பெரியவர்களால் தள்ளப்பட்டவள். அவளுடைய 'இறுதித் திட்டம்' என்ன என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள், அவளை அந்தத் திட்டத்துக்குத் தள்ளிய அவமானத்தைப் பற்றி எத்தனை வரி பேசியிருக்கிறார்கள்? யார் எந்த வயிற்றில் பிறந்தார் என்பதே கதையின் கடைசி நீதி. இதற்குப் பெயர் வர்ணம் இல்லாமல் வேறென்ன?

இனி அரண்மனைக்கு வெளியே வருவோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர் ஊராக வரி நீக்கிய நிலங்களின் பட்டியல் இருக்கிறது. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாளச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி. வெள்ளாளர் சுடுகாடு தனி, பறையர் சுடுகாடு தனி. செத்த பிறகும் பிரிவினை. தீண்டாச்சேரியை ராஜராஜன்தான் உண்டாக்கினான் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. சொல்லவும் வேண்டாம். ஆனால் அந்தப் பிரிவினையைத் தெரிந்தே அளந்து, எழுதி, கல்லில் வெட்டிவைத்த அரசு அது. இந்தச் சதியை யார் போட்டது, இதில் யாருக்கு லாபம் என்று எந்த ரசிகன் கேட்கிறான்?

ஒருவர் கேட்டார். ஆவடிப் பக்கம் கரலப்பாக்கத்திலிருந்து வந்த பா. ரஞ்சித். 2019 ஜூனில் திருப்பனந்தாள் கூட்டத்தில், ராஜராஜன் காலம் தலித்துகளுக்கு இருண்ட காலம், அப்போதுதான் நிலம் பறிபோனது என்று பேசினார். உடனே வழக்கு. மதுரை உயர்நீதிமன்றக் கிளை வரைக்கும் போக வேண்டியதாயிற்று. அவர் சொன்னதில் தவறு இருந்தால் ஆதாரத்தோடு மறுக்கலாம். நிலவுடைமை ஆய்வாளர்கள் மறுக்கட்டும், விவாதிப்போம். ஆனால் வழக்கு என்பது மறுப்பு அல்ல.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராஜராஜன் அண்ணனைக் கொன்றவன் என்று டீக்கடையில் சொல்லலாம், நாவலாக எழுதலாம், யூடியூபில் ஒரு மணிநேரம் பேசலாம். யார் மனமும் புண்படாது. அது சுவாரசியமான கற்பனை. அதே ராஜராஜன் காலத்தில் நிலம் பறிபோனது என்று ஒரு தலித் சொன்னால் மட்டும் தமிழனின் பெருமை காயப்படுகிறது. போலீஸ் வருகிறது. கொலைப்பழி தாங்குகிற பெருமை, நிலக்கேள்வியைத் தாங்க மாட்டேன் என்கிறது. ஏனென்றால் கரிகாலன் செத்து ஆயிரம் வருசமாச்சு. நிலம் இன்னும் இருக்கிறது. பட்டா யார் பேரிலோ இருக்கிறது.

இந்தப் பக்கத்து ஊர்கள் பலவும் பழைய செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமையைப் பற்றித்தான் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை எழுதினார். அதன் பிறகு வந்ததுதான் பஞ்சமி நிலம். அதுவும் எப்படியெல்லாம் கை மாறிப்போனது என்பதை நம் பெரியவர்களிடம் கேளுங்கள், சொல்வார்கள். அந்தக் கதையில் மர்மம் கிடையாது. வில்லனைத் தேடி இருட்டில் துழாவ வேண்டாம். தாலுக்கா ஆபீஸ் பதிவேட்டில் சர்வே நம்பரோடு இருக்கிறான்.

நம் மாணவர்களும் இளம் எழுத்தாளர்களும் 'பொன்னியின் செல்வ'னைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். படியுங்கள், நன்றாகச் சந்தேகப்படுங்கள். ஆனால் கடம்பூர் மாளிகையில் விளக்கை அணைத்தது யார் என்பதோடு நின்றுவிடாதீர்கள். அந்த மாளிகைக்கு நெல் அளந்த வயலில் இறங்கினவர்கள் யார், அவர்கள் குடியிருந்த சேரிக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்றும் கேளுங்கள். அங்கிருந்து இன்னொரு நாவல் தொடங்கும். அதை எழுத வேண்டியது நாம்தான்.