பலகையில் வராத பெயர்

ஒஹாயோ மாநிலம் பௌலிங் கிரீன் நகரில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் தேசிய டிராக்டர் இழுவைப் போட்டியை முதல் தடவை பார்ப்பவர்களின் கண், பச்சைக் கொடி அசையும் கணத்தில்தான் இருக்கும். வானுக்குப் பாயும் கரும்புகை, தரையை விட்டு எழும் முன்சக்கரங்கள், காதைப் பொத்தவைக்கும் டர்போ கீச்சு. அந்த மண்ணிலேயே பழகியவர்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அவர்கள் கடைசி ஐம்பது அடிக்காகக் காத்திருப்பார்கள். ஆட்டம் முடிவாவது அங்கேதான்.

காரணம், டிராக்டருக்குப் பின்னால் மாட்டியிருக்கும் ஸ்லெட். புறப்படும்போது அதன் பாரப்பெட்டி பின்சக்கரங்களின் மேல் இருக்கும். வண்டி நகர நகர, பெட்டி முன்னோக்கி ஏறிவரும். ஸ்லெட்டின் முன்பக்கத் தகடு மண்ணில் அழுந்தும். அடிக்கு அடி சுமை கூடும். 300 அல்லது 320 அடி தூரத்தை முழுசாகக் கடந்தால் 'ஃபுல் புல்'. டிராக் ரேஸ் காருக்குப் புறப்படுவதுதான் பெரும்பாடு. வேகம் பிடித்தபின் நெருக்கடி குறையும். இழுவை டிராக்டருக்கு நேர் எதிர். இன்ஜின் சூடேறி, ஆர்.பி.எம். விழத் தொடங்கும் வேளையில்தான் முழுப் பாரமும் வந்து உட்காரும். சில நொடி ஓட்டம்தான், ஆனால் அதன் கடைசி நொடிகளைப் போல ஓர் இன்ஜினைச் சோதிக்கும் விளையாட்டு வேறு இல்லை என்றே நினைக்கிறேன்.

ஓட்டம் முடிந்ததும் பலகையில் ஓட்டுநர் பெயர், டிராக்டர் பெயர், தூரம் எல்லாம் வரும். அந்த இன்ஜினின் சிலிண்டர்களைக் கடைந்து போர் போட்டவர், கிராங்க் தீட்டியவர், பிளாக்கின் முகத்தை மட்டம் செய்தவர் பெயர் வராது. இந்த ஆட்டத்தில் அணித் தேர்வு என்று ஒன்று உண்டென்றால், அது இந்த வேலைகளைச் செய்யும் மெஷினிஸ்டைத் தேர்ந்தெடுப்பதுதான். அந்தத் தேர்வு பெரும்பாலும் குளிர்காலத்தில், பார்வையாளர் யாரும் இல்லாத ஒரு பட்டறை வாசலில் நடந்து முடிந்துவிடுகிறது.

எத்தனை குதிரைத்திறன் தருவேன் என்று முதல் பேச்சிலேயே சொல்பவரிடம் இன்ஜினை விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. நல்லவர் முதலில் கேட்பார். எந்தப் பிரிவில் இழுக்கிறாய்? என்ன எடை? டீசலா, ஆல்கஹாலா? எத்தனை ஆர்.பி.எம்.? டர்போ எது? பிஸ்டன் கையில் இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வி ஒன்றே போதும் ஆளை அளக்க. பிஸ்டன் மேஜைக்கு வந்து, ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்த பிறகுதான் சிலிண்டரை அதற்கேற்ற அளவுக்கு முடிக்க முடியும். "நீங்கள் பிளாக்கைப் போட்டுவிட்டுப் போங்கள், போர் போட்டு வைக்கிறேன், பிஸ்டன் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்பவர் நல்ல மனிதராக இருக்கலாம், இந்த வேலைக்கு ஏற்றவர் இல்லை.

பிரிவு எது என்று கேட்பதற்கும் காரணம் உண்டு. புரோ ஸ்டாக் பிரிவில் டிராக்டர் எடை 10,000 பவுண்டு, ஒரே டர்போ, இன்ஜின் கொள்ளளவு 680 கன அங்குலத்துக்குள். அதாவது ஏறக்குறைய 11 லிட்டர். இந்த வரம்பை இன்ஜினுக்குள் காப்பது ஓட்டுநர் அல்ல, மெஷினிஸ்ட். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் 414, 436, 466 இன்ஜின்களைப் பாருங்கள். மூன்றுக்கும் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், ஒன்றே: 4.30 அங்குலம். மாறுவது ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், மட்டும்: 4.75, 5.00, 5.35. வித்தியாசம் முழுக்க கிராங்கில் இருக்கிறது. கிராங்கில் ராட் மாட்டும் உருளைப் பகுதியான ராட் ஜர்னலை மையம் தள்ளித் தீட்டினால், எவ்வளவு விட்டம் குறைகிறதோ அதிகபட்சம் அவ்வளவு ஸ்ட்ரோக் கூட்டலாம். 466 இன்ஜினில் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு இப்படிக் கூட்டினால் கொள்ளளவு 475-ஐத் தொடும். வரம்பை ஒட்டிச் செய்த இன்ஜினில் கணக்கில் சிறு பிசகு நேர்ந்தாலும், ஜெயித்தபின் நடக்கும் அளவெடுப்பில் பரிசு கைநழுவிப் போகும். தீட்டிய இடத்தில் ஜர்னலின் ஓர வளைவைச் சரியாக விடாமல் கூர்மையாக முடித்தால் நிலைமை இன்னும் மோசம். அந்த மூலையிலிருந்துதான் விரிசல் பிறக்கும்.

இனி அளவு விஷயம். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறை மொழியில் 'தவ்' என்பார்கள். சாதாரணக் காகிதம் ஒன்று சுமார் 4 தவ் கனம். இழுவை இன்ஜினின் தலையெழுத்து அந்தக் காகிதக் கனத்துக்குள் இருக்கிறது.

பிளாக்கிலேயே நேராகப் போர் போடும் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். ஹெட்டை வைத்து போல்ட்டுகளை முறுக்கியதும் இரும்பு நெளியும். மேஜையில் அச்சு வட்டமாக இருந்த சிலிண்டர், ஹெட் ஏறியதும் வட்டம் கெடும். ஆகவே ஹெட்டுக்குப் பதில் கனத்த எஃகுத் தகடு ஒன்றை அதே போல்ட்டில் அதே இறுக்கத்தில் பூட்டி, அந்த நெளிவோடு ஹோனிங் செய்வார்கள், அதாவது சிலிண்டரின் உள்சுவரைத் தேய்த்து இறுதி அளவுக்கு முடிப்பார்கள். இதுதான் டார்க் பிளேட். கார் பந்தய இன்ஜின் பட்டறைகளில் வி-8 இன்ஜின்களுக்கு இந்தத் தகடு சாதாரணமாக இருக்கும். ஐம்பது ஆண்டு வயதான ஆறு சிலிண்டர் டிராக்டர் இன்ஜினுக்கு யார் வைத்திருக்கிறார்கள்? இல்லையென்றால் செய்துகொள்ளத்தான் வேண்டும். "அதெல்லாம் இல்லாமலே முப்பது வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்" என்ற பதில் வந்தால், வயல் உழும் டிராக்டருக்கு அந்த வேலை போதும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டருக்குத் தனிக் குழாய் செருகிய லைனர் இன்ஜின் என்றால் சோதனை வேறு. லைனரின் விளிம்பு பிளாக்கின் முகத்துக்கு மேல் சில தவ் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஹெட் கேஸ்கெட்டை அழுத்திப் பிடிப்பது அந்த நீட்சிதான். ஆறு லைனரும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்துவிட்டால் டர்போ திணிக்கும் அழுத்தம் அந்த இடத்தைத் தேடிப் பிடித்துக் கேஸ்கெட்டை ஊதிவிடும். 280-ஆவது அடியில் வெள்ளைப் புகையோடு நிற்கும் டிராக்டர்களில் எத்தனையோ, லைனர் உட்காரும் பள்ளத்தை ஒழுங்காக வெட்டாததால் நின்றவை. மைதானத்தில் பழி ஓட்டுநர் மேல் விழும்.

பிளாக்கைக் கெட்டிப்படுத்த, தண்ணீர் ஓடும் அறைகளில் சிமென்ட் போன்ற கலவையை ஊற்றி நிரப்பும் வழக்கம் இழுவைக்காரர்களிடம் உண்டு. ஓட்டம் சில நொடிதான் என்பதால் குளிரூட்டல் பற்றிய கவலை குறைவு. கலவை இறுகும்போது பிளாக்கின் வடிவம் சற்றே மாறும். ஆகவே முதலில் நிரப்பி, இறுகவிட்டு, பிறகுதான் மெயின் பேரிங் வரிசையையும் சிலிண்டரையும் கடைய வேண்டும். இந்த வரிசையை ஒருவர் கேட்காமலே சொன்னால், அவர் டிராக்டர் இன்ஜின் செய்து பார்த்தவர். விரிசல் சோதனையும் பேலன்ஸிங்கும் எல்லா நல்ல பட்டறையிலும் நடப்பவைதான். ஆனால் அந்த பேலன்ஸிங் மெஷின், டிராக்டர் கிராங்கின் நீளத்தையும் எடையையும் தாங்குமா என்று நேரில் பார்த்துவிடுங்கள்.

பரிந்துரை கேட்கும் முறையிலும் பலர் தவறுகிறார்கள். கோப்பை வென்றவரிடம் போய்க் கேட்கிறார்கள். நான் போக விரும்புவது, அதே பட்டறையின் இன்ஜினை மூன்றாவது சீசனாக ஓட்டிக்கொண்டிருக்கும் நடுத்தர இழுவைக்காரரிடம். ஒரு இரவு ஜெயிக்கும் இன்ஜினைப் பலர் செய்வார்கள். இரண்டு சீசன் கழித்துத் திறந்து பார்த்தபோது பேரிங் எப்படி இருந்தது என்று அவரால்தான் சொல்ல முடியும். உடைந்தபோது மெஷினிஸ்ட் நேரில் வந்து பார்த்தாரா, போனை எடுக்காமல் இருந்தாரா என்பதும் அவருக்குத்தான் தெரியும். பந்தய இன்ஜினுக்கு உத்தரவாதம் கொடுப்பவர் அரிது. கொடுக்காததைக் குறையாகச் சொல்ல மாட்டேன். வேலை முடிந்ததும் அளவுத் தாள் தராததை மன்னிக்க மாட்டேன். ஒவ்வொரு சிலிண்டரின் விட்டம், பிஸ்டன் இடைவெளி, பேரிங் இடைவெளி, லைனர் நீட்சி எல்லாம் எழுத்தில், கையெழுத்தோடு வேண்டும். டீசல் பம்ப் ஒருவரிடமும் டர்போ இன்னொருவரிடமும் போகும் இந்த வேலையில், பின்னால் யார் யாரைக் குற்றம் சொல்கிறார்கள் என்ற சண்டையை அந்தத் தாள் ஒன்றுதான் தீர்க்கும்.

ஆகஸ்ட் கூட்டத்துக்கு இன்ஜின் வேண்டுமென்றால் மார்ச்சில் பட்டறை தேடுவது தாமதம். அறுவடை முடிந்த நவம்பரில் பிளாக்கை வண்டியில் ஏற்றுங்கள். கூடவே உங்கள் பிரிவின் விதிப்புத்தகம், பிஸ்டன், ராட். பழைய மெயின் பேரிங்குகளையும் கழற்றிய வரிசையிலேயே எண் போட்டுக் கொண்டுபோங்கள். கணக்கு வழக்கைப் பேசத் தொடங்கும் முன்பே அந்தப் பேரிங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "நாலாவது ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது?" என்று கேட்பவரிடம் பிளாக்கை இறக்குங்கள்.