பெயரை மாற்ற மறுத்த அண்ணன்

என் அண்ணன் ஐந்தாம் படிவம் முடித்த வருடம் நண்பர்கள் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருந்தான். கிள்ளானில் எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில்தான் பயிற்சி. எனக்கு அப்போது பத்து வயது. டிரம் செட்டின் முன்னால் செங்கல்லை முட்டுக்கொடுத்து வைப்பது என் வேலை. பேண்டின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதில் ‘பிணம்’ என்ற சொல் இருந்தது, அது போதும்.

ஒரு தீபாவளிக் கலை இரவில் வாசிக்க வாய்ப்பு வந்தது. ஏற்பாட்டாளர் நல்ல மனுஷன்தான். “தம்பி, பாட்டு எப்படி வேணா இருக்கட்டும். பேரை மட்டும் மாத்துங்க லா. நல்ல நாள்ல மைக்ல சொல்ற பேரா இது?” என்றார். மாற்றினார்கள். ‘ராகம்’ என்று முடியும் ஏதோ ஒரு பெயர். இரண்டு சினிமாப் பாட்டு வாசித்தார்கள். பிரியாணி கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் டிரம் செட்டை விற்றுவிட்டார்கள்.

இதை நான் பல வருடம் நண்பர்கள் மத்தியில் சிரிப்புக் கதையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘எ பேண்ட் கால்ட் டெத்’ என்ற ஆவணப்படத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு வருவதில்லை.

2012-இல் வந்த படம். மார்க் கோவினோ, ஜெஃப் ஹவ்லெட் இருவரும் இயக்கியது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த டேவிட், டேனிஸ், பாபி ஹாக்னி என்ற மூன்று கறுப்பினச் சகோதரர்களைப் பற்றியது. எழுபதுகளில் அவர்கள் வைத்திருந்த பேண்டின் பெயர் ‘டெத்’. மரணம். அவ்வளவுதான் பெயர்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1964-இல் பீட்டில்ஸ் குழு எட் சல்லிவன் நிகழ்ச்சியில் தோன்றியபோது அப்பா பிள்ளைகளைத் தொலைக்காட்சி முன் உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னார். மூவரில் மூத்தவர் டேவிட். அவர் கிட்டார், டேனிஸ் டிரம்ஸ், பாபி பேஸ் கிட்டாரும் குரலும். 1971-இல் தொடங்கியபோது அவர்கள் வாசித்தது ஃபங்க். பெயரும் ‘ராக் ஃபயர் ஃபங்க் எக்ஸ்பிரஸ்’ என்று அதற்கேற்ற மாதிரி இருந்தது. பிறகு டேவிட் ‘த ஹூ’ குழுவின் கச்சேரி ஒன்றைப் பார்த்தார். திரும்பி வந்தவர் இனி ராக்தான் என்று முடிவு செய்தார்.

எந்த ஊரில், எந்தத் தெருவில் இதைச் செய்தார்கள் என்று யோசிக்க வேண்டும். டெட்ராய்ட் மோடவுன் நிறுவனத்தின் ஊர். கறுப்பினக் கலைஞர்களின் சோல் இசையை உலகம் முழுக்கக் கொண்டுபோன நிறுவனம் அது. 1972-இல் அது லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டாலும் காது மாறவில்லை. 1967 கலவரத்தில் 43 உயிர்களைப் பறிகொடுத்த நகரமும் அதுதான். கறுப்பினக் குடும்பங்கள் வாழும் ஒரு தெருவில் மூன்று பையன்கள் மாடி அறையில் சத்தமாக ராக் வாசிக்கிறார்கள். ‘இது வெள்ளைக்காரப் பசங்க பாட்டு, உங்களுக்கு எதுக்கு?’ என்பதே அக்கம்பக்கத்தின் கேள்வி. இந்தக் கேள்வியின் மலேசிய வடிவத்தை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். நம் ஊரில் ஹிப் ஹாப்கூட யோகி பி-யும் நட்சத்ராவும் 2006-இல் ‘வல்லவன்’ கொண்டுவரும் வரை ‘நம்ம’ இசை இல்லை. கனமான கிட்டார் வாசிக்கும் தமிழ்ப் பையன் இன்றும் இரண்டு பக்கமும் விளக்கம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான்.

பெயர் எங்கிருந்து வந்தது? அவர்களுடைய அப்பா குடிபோதையில் வண்டி ஓட்டிய ஒருவனால் விபத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் டேவிட் இந்தப் பெயரை வைத்தார். அதிர்ச்சி கொடுப்பதற்கல்ல. மரணம் என்ற சொல்லில் ஒட்டியிருந்த பயத்தைக் கழற்றிவிட்டு, அதைப் பிறப்பு மாதிரி இன்னொரு வாசலாகக் காட்ட நினைத்தார். முக்கோணத்தில் மூன்று புள்ளிகள், தனியாக நான்காவது ஒன்று என்று சின்னமும் வரைந்தார். உடல், மனம், ஆன்மா ஆகிய மூன்றும், வழிகாட்டும் கடவுளும். இந்தச் சின்னத்தைப் பார்க்கும்போது எனக்குத் தோட்டத்துச் சாவு வீடுகள்தான் ஞாபகத்துக்கு வரும். தப்பும் சங்கும் இல்லாமல் யாரையும் அனுப்பிவைக்காத சனம் நாம். மரணத்துக்கென்று தனி இசையே வைத்திருக்கிறோம். ஆனால் அது அந்த வீட்டு வாசலோடு நின்றுவிட வேண்டும், மேடையில் ஏறக்கூடாது.

1975-இல் டெட்ராய்டின் யுனைடட் சவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஏழு பாடல்கள் பதிவாகின. பதிவுக்குப் பின்னால் இருந்தது தயாரிப்பாளர் டான் டேவிஸின் நிறுவனம். பன்னிரண்டு பாடல்கள் கொண்ட ஆல்பம் என்பது திட்டம். அப்போதுதான் அமெரிக்க இசைத் தொழிலின் பெரிய தலைகளில் ஒருவரான கிளைவ் டேவிஸிடமிருந்து வார்த்தை வந்தது. இது சகோதரர்கள் சொல்லிவரும் கதை. பாட்டு பிடித்திருக்கிறது, பெயரை மாற்றினால் ஒப்பந்தம். தம்பிகள் இருவரும் மாற்றிவிடலாம் என்ற மனநிலையில்தான் இருந்தார்கள். டேவிட் முடியாது என்றார். பெயரைக் கொடுத்துவிட்டால் மிச்சம் எல்லாவற்றையும் கொடுத்த மாதிரிதான் என்பது அவருடைய வாதம். ஒப்பந்தம் போயிற்று. பன்னிரண்டு ஏழோடு நின்றது. அடுத்த வருடம் டான் டேவிஸ் தயாரித்து ஜானி டெய்லர் பாடிய ‘டிஸ்கோ லேடி’, பிளாட்டினம் சான்றிதழ் பெற்ற முதல் தனிப்பாடல் தட்டானது. அதே 1976-இல் இந்த மூவரும் சொந்தமாக 500 தட்டுகள் அச்சடித்தார்கள். வானொலிகள் போடவில்லை. ஊரைவிட்டு வெர்மான்ட் மாநிலத்துக்குப் போனார்கள்.

இனி பாடல்களுக்கு வருகிறேன். இந்தக் குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கதையிலேயே மயங்கி நின்றுவிடுகிறார்கள். 2009-இல் டிராக் சிட்டி நிறுவனம் அந்த ஏழு பாடல்களையும் ஆல்பமாக வெளியிட்டபோது நியூயார்க் டைம்ஸ், பங்க் என்ற ஒன்று வருவதற்கு முன்பே பங்க் ஆக இருந்தவர்கள் என்று இவர்களை அறிமுகப்படுத்தியது. அது முதல் எங்கே போனாலும் இதே பட்டம்தான். கணக்கு சரிதான். ரமோன்ஸின் முதல் ஆல்பம் 1976 ஏப்ரலில் வந்தது, இது அதற்கு முந்தைய வருடப் பதிவு. ஆனால் அதே டெட்ராய்டு வட்டாரத்தில் எம்சி5, ஸ்டூஜஸ் இருவரும் அறுபதுகளின் கடைசியிலேயே இதைவிட முரட்டுத்தனமாக வாசித்துவிட்டார்கள். ‘முதல்’ என்ற பதக்கத்தை யார் கழுத்தில் போடுவது என்ற விளையாட்டில் எனக்கு ஆர்வம் இல்லை. அந்தக் காலத்தில் அவர்களுடைய வட்டாரத்தில் ஒருவனை ‘பங்க்’ என்று கூப்பிட்டால் அடிதடிதான் நடக்கும் என்று சகோதரர்களே சொல்லியிருக்கிறார்கள். தாங்கள் வாசித்ததை ராக் அண்ட் ரோல் என்றுதான் நினைத்தார்கள்.

காது கொடுத்துக் கேட்டால் அந்தப் பட்டம் எங்கே பொருந்தவில்லை என்று தெரியும். ‘பாலிட்டிஷியன்ஸ் இன் மை ஐஸ்’ கிட்டத்தட்ட ஆறு நிமிடம். வியட்நாம் காலத்து அரசியல்வாதிகள் மீதான கோபம். ஆனால் கோபம் நேர்கோட்டில் ஓடவில்லை. பாய்கிறது, சட்டென்று நிற்கிறது, மறுபடி பாய்கிறது. ரமோன்ஸின் பாட்டு நெடுஞ்சாலையில் பிரேக் பிடிக்காமல் போகும் மோட்டார் சைக்கிள். இவர்களுடையது சந்துக்குள் நுழைந்து வளைந்து போவது. அந்த வளைவுகளில் பேஸும் டிரம்ஸும் ஒரு மயிரிழைகூட விலகுவதில்லை. இந்த ஒட்டுதல் ஃபங்க் வாசித்த வருடங்களிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். ராக்குக்கு மாறியபோது பழையதை அவர்கள் தூக்கி எறியவில்லை, அடியில் போட்டுக்கொண்டார்கள். ‘லெட் த வேர்ல்ட் டர்ன்’ மிதந்தபடி மெதுவாகத் தொடங்கி, வேகமெடுத்து, நடுவில் ஒரு டிரம் தனியாவர்த்தனமே வைத்திருக்கிறது. பங்க்காரர்கள் எதைக் கிண்டல் செய்தார்களோ அது. ‘யூ ஆர் எ பிரிசனர்’ மட்டும் இரண்டரை நிமிடத்துக்குள் முடியும் நேரடியான அடி. மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு பாணியைக் கண்டுபிடித்தவர்களின் சத்தம் கேட்காது. தங்களுக்குப் பிடித்த எல்லாவற்றையும் ஒரே அறைக்குள் அடைக்கப் பார்க்கிற இருபது வயதுக்காரர்களின் சத்தம்தான் கேட்கும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

ஆவணப்படத்தோடு எனக்கு உள்ள சண்டை அதன் பின்பாதியில். 1982-இல் டேவிட் டெட்ராய்டுக்குத் திரும்பினார். தம்பிகள் வெர்மான்டிலேயே தங்கி ‘லாம்ப்ஸ்பிரெட்’ என்ற ரெக்கே குழுவை நடத்தினார்கள். டேவிட் 2000-இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அதற்கு முன் மூல நாடாக்களைப் பாபியிடம் ஒப்படைத்து, ஒருநாள் உலகம் இதைத் தேடி வரும் என்றாராம். பிறகு அந்த 500 தட்டுகளில் சில சேகரிப்பாளர்கள் கைக்குப் போய், பாட்டு இணையத்தில் பரவி, சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பார்ட்டியில் பாபியின் மகன் ஜூலியன் காதில் விழுகிறது. பாடுவது தன் அப்பா! இந்த இடத்தில் படம் பார்க்கிறவர்களுக்குத் தொண்டை அடைக்கும். எனக்கும் அடைத்தது. பிள்ளைகள் ‘ரஃப் ஃபிரான்சிஸ்’ என்ற பெயரில் அந்தப் பாடல்களை வாசிக்கிறார்கள். அது டேவிட் வைத்துக்கொண்ட புனைபெயர்களில் ஒன்று.

அழுது முடித்த பிறகுதான் கேள்வி வருகிறது. உலகம் தேடி வந்ததால் டேவிட் தீர்க்கதரிசி ஆனார். வராமல் இருந்திருந்தால்? பாபியின் வீட்டுப் பரணில் நாடா பூஞ்சை பிடித்திருந்தால்? அப்போது இதே மனிதன் பிடிவாதத்தால் இரண்டு தம்பிகளின் வாழ்க்கையையும் கெடுத்த அண்ணன். குடும்பக் கூட்டங்களில் யாரும் பெயரெடுக்காத ஆள். படம் இந்தக் கேள்வியைத் தொடாமல் திருவிழாக் கூட்டத்தின் கைத்தட்டலுக்குள் போய்விடுகிறது. மறுப்பு சரியா என்பதைப் பின்னால் வந்த வெற்றியை வைத்து அளந்தால், தோற்றுப்போன எல்லா மறுப்புகளும் முட்டாள்தனம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்படிப் பார்த்தால் நம் ஊரில் கைக்காசைப் போட்டு நான்கு இதழ் நடத்தி நிறுத்திய அத்தனை சிற்றிதழ்காரர்களும் முட்டாள்கள்.

டேவிட் செய்தது 1975-இலேயே சரி. அதற்கு 2009-இன் சாட்சி தேவையில்லை. பெயர் அவருக்கு விளம்பரப் பலகை அல்ல. அப்பா போன பிறகு அந்தப் பிள்ளைகள் அப்பாவுக்குச் செய்த காரியம் அது. வேறு பெயரில் அதே ஏழு பாட்டைப் பாடியிருக்கலாம். ஆனால் அந்த வாய்ப்பு வந்தபோது தங்கள் வீட்டில் விழுந்த சாவைச் சொல்லக்கூடாது என்பதுதான் நிபந்தனையாக இருந்தது.

அதே மூச்சில் தம்பிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு இந்தக் கதையின் பெரிய மனிதர்கள் அவர்கள்தான். மாற்றலாம் என்று நினைத்தார்கள், அண்ணன் வேண்டாம் என்றதும் கூட நின்றார்கள். அண்ணனுக்குக் கொள்கை இருந்தது. தம்பிகளிடம் இருந்தது அண்ணன் மீதான விசுவாசம் மட்டும். கொள்கைக்காக இழப்பவனுக்குக் கொள்கையாவது மிஞ்சும். விசுவாசத்துக்காக இழந்த அவர்கள் முப்பது வருடத்துக்கு மேல் அதை யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. பிள்ளைகளுக்கே தெரியாத அளவுக்கு வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். அந்த மௌனத்துக்குள் என்ன இருந்தது என்று படம் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.

படம் பார்த்த வாரம் அண்ணனுக்கு ஃபோன் அடித்தேன். இப்போது துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். அன்றைக்கு ஏதாவது பதிவு பண்ணி வைத்திருந்தீர்களா என்று கேட்டேன். ஒரு கேசட் இருந்ததாம், வீடு மாறியபோது போய்விட்டதாம். பெயரை ஏன் மாற்றினீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் லாரி எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

“யாராச்சும் ஒருத்தன் வேணாம்னு சொல்லுவான்னு நெனச்சேன்டா. நாலு பேரும் அதையே நெனச்சிக்கிட்டு இருந்திருக்கோம் போல.”