திண்ணை எந்தக் கணக்கில் வரும்?

பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரைப் பக்கம் ஒரு மஞ்சள் சுவர் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை பெரிய வாய்க்காலைத் தாண்டி இந்தப் பக்கமும் வாருங்கள். மிஷன் வீதிக்கும் மகாத்மா காந்தி வீதிக்கும் நடுவே ஒரு தெரு. பெயர் கலவை சுப்பராய செட்டியார் வீதி. ஆட்டோக்காரருக்கு வைசியாள் வீதி என்று சொன்னால்தான் புரியும்.

அங்கே போனபோது திடீரென்று மழை. சட்டென்று ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். யாரும் 'யார் நீ?' என்று கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள். மரத்தூண், சாய்ந்த ஓடு, அதன் கீழே மேடை. தெருவில் போகிறவனுக்காகவே கட்டியது அது. வீட்டுக்காரரின் திண்ணை அதற்கும் உள்ளே. அதைத் தாண்டினால் முற்றம். சூடான காற்று மேலே போக வழி. கரண்ட் பில் இல்லாத ஏ.சி.!

2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய யூனியன் பண உதவியுடன், இன்டாக் அமைப்பு இந்தத் தெரு வீடுகளின் முகப்புகளைப் பழையபடி சீர்செய்தது. 2008-ல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. ஒற்றை மாளிகையைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் முழுத் தெருவையும் ஒரே பொருளாகப் பார்த்தார்களே, அதற்கு ஒரு சபாஷ்.

ஆனால் முகப்பு மட்டும் போதுமா? இப்போது ஊரெங்கும் ஒரு ஃபேஷன். வெளியே இரண்டு தூண், நாலு ஓடு, உள்ளே கண்ணாடிப் பெட்டி. கேட்டால் 'ஹெரிடேஜ் லுக்' என்கிறார்கள். இது மாறுவேடப் போட்டி. ஒரு தெருவின் குணம் தூணில் இல்லை சார், தூண் தரும் நிழலில் இருக்கிறது.

பழசெல்லாம் புனிதம் என்றும் நான் சொல்லவில்லை. அந்தக் காலத்துத் திண்ணையில் எல்லா சாதிக்காரரும் உட்கார்ந்துவிட முடிந்ததா? அந்தத் தடுப்புக்காக யாரும் அழ வேண்டாம். நிழலை வைத்துக்கொள்வோம், தடுப்பைத் தூக்கி எறிவோம்.

மழை விடுவதற்குள் வீட்டுக்காரப் பெரியவர் தன் கதையைச் சொன்னார். "அண்ணன் தம்பி மூணு பங்குங்க. ஒரு தேக்குத் தூணை மாத்தணும்னா நான்தான் அழணும். இடிச்சு ஃப்ளாட் கட்டினா ஆளுக்கு ஒண்ணு வரும்."

நான் படித்தது பி.காம். அவர் கணக்கில் தப்பே இல்லை. செலவு அவருக்கு, நிழல் எனக்கு. இப்படிப்பட்ட லெட்ஜர் எத்தனை நாள் தாங்கும்? அழகான தெரு ஊருக்கே வேண்டும் என்றால், பழுதுபார்க்கும் செலவில் ஊரும் ஒரு பங்கு போடட்டும். வீட்டு வரியில் கழித்துக்கொடுக்கட்டும். புதிதாகக் கட்டுகிறவருக்கு நிபந்தனை ஒன்று போதும்: காரைப் பின்னால் நிறுத்து, தெருப் பக்கம் நாலு அடி நிழல் கொடு. தூண் தேக்கா கான்கிரீட்டா என்பது அப்புறம்.

மழை தூறலானதும் நடந்தேன். பக்கத்துத் தெருவில் மறுபடி பிடித்துக்கொண்டது. ஒரு புது அபார்ட்மென்ட் வாசல். கீழ்த்தளம் முழுக்க கார்கள், நனையாமல். இரும்பு கேட்டுக்குப் பின்னாலிருந்து வாட்ச்மேன் கேட்டார்:

"யாரு சார் வேணும்?"

யாரும் வேண்டாம். நனைந்துகொண்டே போனேன்.