வளையும் தடியே வாங்குங்கள்

குருநகர் அன்ரனி ராஜேந்திரம் 1956இல் நோர்வே வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால் வந்த எங்கள் தலைமுறை அதுவரை ஐஸ்கிரீம் பெட்டிக்குள் மட்டும்தான் பனியைக் கண்டிருந்தது. இங்கே பிறந்த பிள்ளைகளோ 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பிக் ஏர் தங்கம் வென்ற பிர்க் ரூட்டைப் பார்த்துவிட்டு ஸ்கியோடு பின்பக்கமாகப் பாய்கிறார்கள், இரும்புக் குழாய்மேல் வழுக்குகிறார்கள். ஸ்கித் தடி முறிய முறியக் காசு கொடுப்பது அப்பாமார்.

அந்த அப்பாமாரில் ஒருவனாக, மூன்று வகைத் தடிகளை மகனிடம் கொடுத்துப் பார்த்தேன். இடம், ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறன்ஸ்கூக்கில் 2020இல் திறந்த ஸ்னோ மண்டபம். கூரைக்குக் கீழே வருசம் முழுக்க ஒரே பனி, ஒரே குளிர், ஒப்பிட வசதி.

முதலாவது காபன் தடி. கையில் எடுத்தால் பாரமே தெரியாது, பெடியனுக்கும் அதுதான் பிடித்தது. விலைதான் மற்றவற்றின் பல மடங்கு. பைபர் வள்ளத்தோடு புழங்கியவர்களுக்கு இதன் குணத்தை விளக்கத் தேவையில்லை. ராஜேந்திரம் ஊருக்குத் திரும்பித் தொடக்கிய சீநோர் நிறுவனம் காரைநகரில் கட்டிய வள்ளங்களும் அந்தச் சாதிதான். இழையும் பிசினும் சேர்ந்த பொருள் எவ்வளவு பலமாக இருந்தாலும், கூரான விளிம்பு குறுக்கே வெட்டினால் அந்த இடத்தில் இழை அறும். ஸ்கியின் உருக்கு விளிம்பு தடியில் பலமாக ஒருக்கால் கீறினாலே போதும். வெளியே சின்னக் கோடுதான் தெரியும். பிறகொரு நாள் விழும்போது சொல்லாமல் கொள்ளாமல் முறியும், முறிந்த வாயில் சிராய் நிற்கும். எங்களுடையது அப்படித்தான் போனது.

மற்ற இரண்டும் அலுமினியம். அது முறிய முதல் வளையும். வளைந்ததை முழங்காலில் வைத்து மெதுவாக நிமிர்த்தி அன்றைய நாளைச் சமாளிக்கலாம். அதே இடத்தில் திரும்பவும் வளைந்தால் நம்பவேண்டாம். மடிப்பே விழுந்துவிட்டால் எறியத்தான் வேண்டும்.

எல்லா அலுமினியமும் ஒன்றல்ல. நல்ல தடிகளில், அல்லது அவற்றின் அட்டையில், நாலு இலக்கம் போட்டிருப்பார்கள். 5083 மலிவு, மெது. எங்கள் இரண்டாவது தடி இந்த மலிவு வகைதான், கெதியாகவே கோணிவிட்டது. 6061 நடுத்தரம். 7075 துத்தநாகம் கலந்தது, விமான உறுப்புகளுக்குப் பாவிப்பது; வளையத் தொடங்க 6061ஐவிட ஏறக்குறைய இரு மடங்கு விசை வேண்டும். குழாயின் விட்டத்தையும் கேளுங்கள். சுவர்த் தடிப்பு ஒன்றாக இருந்தால், 16 மில்லிமீற்றரிலிருந்து 18க்குப் போனாலே விறைப்பு நாற்பது வீதமளவு கூடும். எங்கள் மூன்றாவது தடி 18 மில்லிமீற்றர் 7075. உடம்பெல்லாம் கீறல், ஆனால் இன்னும் நேராக நிற்கிறது.

நீளத்துக்கு, தடியைத் தலைகீழாக ஊன்றி, நுனியிலுள்ள வட்டுக்கு அடுத்தாற்போல் பிடித்து, முழங்கை செங்கோணமாக வருகிறதா என்று பார்ப்பது வழக்கம். 170 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு 120 அளவில் வரும். பாய்கிற பிள்ளைக்கு அதில் 10 சென்ரிமீற்றரைக் குறையுங்கள். சுழலும்போதும், ஸ்கியை எட்டிப் பிடிக்கும்போதும், பின்பக்கமாக இறங்கும்போதும் நீளத் தடி இடையில் மாட்டும். ஒலிம்பிக் ஏரியல்ஸ் வீரர்கள் தடியே பிடிப்பதில்லை. ஆகவே குட்டையாகிவிட்டதே என்று கவலைப்படத் தேவையில்லை. இழுத்து நீட்டும் தடி மலையேறப் போகிறவர்களுக்கு. பூட்டும் இடம்தான் அதில் பலவீனம், எங்களுக்கு வேண்டாம்.

கைவாரைக் கழற்றிவிடுங்கள். விழும்போது தடி கையை விட்டுப் போகாவிட்டால் பெருவிரலின் அடிமூட்டு இணையம் கிழிவது வைத்தியர்கள் நன்றாக அறிந்த காயம்.

பிள்ளைக்கு இந்த ஆசை அடுத்த மாரிவரை நிற்குமோ தெரியாது என்றால் உடனே கடைக்கு ஓடவேண்டாம். நோர்வேயில் பூஆ என்ற இரவல் நிலையங்கள் விளையாட்டுச் சாமான்களைக் காசு வாங்காமல் தருகின்றன. ஆசை நிலைத்துவிட்டது என்றால் 18 மில்லிமீற்றர், 7075, சின்ன வட்டு, கைவார் இல்லாத றப்பர்ப் பிடி என்று கேட்டு வாங்குங்கள். பழையது கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் பழைய காபன் தடியை இனாமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.