ஆராய்ச்சியின் பயனும் அதனை அளக்கும் கோலும்

மலைநாட்டுத் தோட்டப்புறப் பாடசாலை ஒன்றிலே நான் தமிழாசிரியனாகக் கடமையாற்றிய காலத்தில், பிள்ளைகளின் இடைவிலகலை ஆராய்வதற்கெனப் பிரித்தானியப் பல்கலைக் கழகமொன்றைச் சேர்ந்த மூவர் வந்தனர். அவர்களுடைய வினாக்கொத்தின் தமிழைத் திருத்திக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பத்து நாட்கள் தங்கினர், இன்முகத்துடன் பழகினர், போயினர். நான்கு ஆண்டுகள் கழிந்தபின் அதிபருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தமது ஆராய்ச்சியின் விளைவாகப் பாடசாலையின் வரவு உயர்ந்ததென்றும், அதனை உறுதிப்படுத்திப் பாடசாலையின் கடிதத்தலைப்பிலே ஒரு பக்கக் கடிதம் அனுப்பி உதவ வேண்டுமென்றும் அதிற் கேட்கப்பட்டிருந்தது. எழுதவேண்டிய கடிதத்தின் மாதிரியும் இணைக்கப்பட்டிருந்தது. ஆராய்ச்சி அறிக்கை இணைக்கப்பட்டிருக்கவில்லை.

"மாஸ்டர், இதிலே நாங்கள் என்னத்தை எழுதுகிறது?" என்று கேட்டபடி அதிபர் அந்த மாதிரியை என்னிடம் நீட்டினார். வரவு உயர்ந்தது உண்மை. அது எதனால் உயர்ந்தது என்பதைப் பின்னர் கூறுவேன். கடல் கடந்த ஒரு பல்கலைக் கழகத்துக்கு எமது பாடசாலையின் கடிதத்தலைப்பு ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

இத்தகைய கடிதங்களுக்குப் பிரித்தானியாவிலே இன்று ஒரு விலையுண்டு. 2014ஆம் ஆண்டிலே அங்கு 'ஆராய்ச்சி மேன்மைச் சட்டகம்' என்னும் மதிப்பீடு நடந்தபோது, ஒவ்வொரு துறையினதும் ஆராய்ச்சிக்கு வழங்கப்பட்ட நூறு புள்ளிகளில் 65 வெளியீடுகளுக்கும், 15 ஆராய்ச்சிச் சூழலுக்கும், 20 'தாக்கத்துக்கும்' ஒதுக்கப்பட்டன. 2021இலே தாக்கத்தின் பங்கு 25 ஆக உயர்ந்தது. இம்மதிப்பீட்டின் பெறுபேற்றைக் கொண்டே அரசின் ஆராய்ச்சி நிதியில் ஒரு பெரும்பகுதி பங்கிடப்படுகின்றது. கல்வியுலகுக்கு அப்பால், பொருளாதாரம், சமுதாயம், பண்பாடு, அரசின் கொள்கை, பொதுச் சேவைகள், உடல்நலம், சுற்றாடல், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றிலே ஓர் ஆராய்ச்சி உண்டாக்கிய விளைவு, மாற்றம் அல்லது நன்மையே தாக்கம் என வரையறுக்கப்பட்டது. துறைகள் அதனை நான்கு பக்கக் கதைகளாக எழுதிச் சான்றுகளுடன் சமர்ப்பித்தன. எவ்வளவு தூரம் எட்டியது, எவ்வளவு கனதியானது என்று நோக்கி நட்சத்திரங்கள் இடப்பட்டன. 2014இலே 6,975 கதைகள் சமர்ப்பிக்கப்பட்டன. தாக்கத்துக்கு வழங்கப்பட்ட தரங்களில் நூற்றுக்கு 84 பங்கு மேலிரு தரங்களுக்குள் அடங்கிற்று. வகுப்பில் நூற்றுக்கு எண்பத்து நான்கு பேருக்கு அதிவிசேட சித்தி வழங்கும் ஆசிரியரிடம் எமது கல்வி அதிகாரி என்ன விளக்கம் கேட்பார் என்பது வாசகர் அறிந்ததே.

இம்மதிப்பீடு முழுவதற்கும் 24 கோடியே 60 இலட்சம் பவுண் செலவானது எனப் பின்னர் கணிக்கப்பட்டது. தாக்கத்தை எழுதுவதற்கு மட்டும் சென்றது 5 கோடியே 50 இலட்சம். இன்னுமொன்று. தனது சொந்த மாணவரிடத்திலும் கற்பித்தலிலும் ஒரு பல்கலைக் கழகம் உண்டாக்கிய மாற்றம் 2014இன் விதிகளின்படி தாக்கமாகக் கொள்ளப்படவில்லை. 2021இலே அவ்விதி தளர்த்தப்பட்டது. ஆராய்ச்சியாளனிடம் ஐந்தாண்டுகள் பாடங்கேட்டுப் பின் ஆயிரம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சென்றவன் முதல் மதிப்பீட்டின் கண்ணிலே ஒன்றுமில்லாதவன்.

இந்த அளவுகோல் திடீரென வானிலிருந்து விழுந்ததன்று. பிரித்தானிய அரசின் ஆராய்ச்சி நிதி பற்றி 1971இலே அறிக்கை சமர்ப்பித்த றொத்சைல்ட் பிரபு, பயன்முறை ஆராய்ச்சியை வாங்குபவன், ஒப்பந்தகாரன் என்ற உறவிலே வைத்து நோக்கினார்: வேண்டியதை வாங்குபவன் சொல்வான், ஒப்பந்தகாரன் செய்வான், வாங்குபவன் பணங் கொடுப்பான். 1965இலே நிறுவப்பட்ட சமூக விஞ்ஞான ஆராய்ச்சிச் சபையின் மீது தச்சர் அரசாங்கத்தின் கல்வியமைச்சர் கீத் ஜோசப் ஐயங் கொண்டபோது, அதனை ஆராயும்படி அதே றொத்சைல்ட் பிரபுவிடமே ஒப்படைத்தார். சபையைக் கலைக்க வேண்டாமென்று பிரபு 1982இலே கூறினார். சபை தப்பியது, 1983இலே அதன் பெயரிலிருந்த 'விஞ்ஞானம்' தப்பவில்லை. பொருளாதார சமூக ஆராய்ச்சிச் சபை என அது பெயர் மாறியது. வாங்குபவன் யார் என்ற கேள்வி அன்றே முடிவு செய்யப்பட்டுவிட்டது எனலாம்.

எனினும் இவ்விடத்தில் நாம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். தாக்கத்தை அளப்பதே அறிவுக்கு இழுக்கு என்று கூக்குரலிடும் பேராசிரியர்களுடன் சேர்ந்துகொள்ள எனக்கு மனமில்லை. கலை யாருக்காக, இலக்கியம் யாருக்காக என்று கேட்டவர்கள் நாம். அக்கேள்வியை ஆராய்ச்சியிடம் கேட்கும்போது மட்டும் காதைப் பொத்திக்கொள்வது நேர்மையாகாது. மக்களின் வரிப்பணத்திலே மக்களின் வறுமையை ஆராய்ந்து பட்டமும் பதவியும் பெற்றவன் அம்மக்களுக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன். கேள்வி சரியானதே. கேட்பவர் யார், விடையை ஏற்றுக்கொள்பவர் யார் என்பதிலேதான் தகராறு.

சமூக ஆராய்ச்சி உலகை மாற்றியதற்கு யாவரும் எடுத்துக்காட்டும் உதாரணமொன்றைப் பார்ப்போம். சீபோம் றௌன்றி என்பவர் யோர்க் நகரிலே கொக்கோ, சொக்கலேற் தயாரித்த முதலாளி குடும்பத்தைச் சேர்ந்தவர். பல்கலைக் கழகப் பதவி எதுவும் வகியாதவர். 1899இலே அந்நகரின் தொழிலாளர் வீடுகளுக்குக் கணக்கெடுப்பாளரை அனுப்பி 11,560 குடும்பங்களின் விபரங்களைத் திரட்டினார். 1901இலே நூல் வெளிவந்தது. நகர மக்களில் நூற்றுக்கு 27.84 பேர் வறுமையில் வாழ்ந்தனர் என்பது அதன் முடிபு. தாயும் தகப்பனும் மூன்று பிள்ளைகளும் கொண்ட குடும்பத்துக்கு வாரம் 21 சிலிங் 8 பென்ஸ் என்று அவர் கோடு கிழித்தார். வறியோர் வேலைவிடுதிகளிலே ஏழைகளுக்கு வழங்கப்பட்ட உணவிலும் குறைந்த உணவே அக்கோட்டுக்குள் அடங்கிற்று. பத்திரிகைக்கோ, தூரத்திலுள்ள பிள்ளைக்குக் கடிதம் எழுத ஒரு முத்திரைக்கோ அதிலே இடமில்லை. அந்தக் கஞ்சத்தனமான கோட்டுக்கும் கீழேதான் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேர் கிடந்தனர்.

அப்பத்துப் பேர் ஏன் அங்கு கிடந்தனர் என்ற ஆராய்ச்சியே நூலின் உயிர்நிலை. அவர்களுள் அரைப்பங்குக்குச் சற்று அதிகமானோரின் குடும்பத்தில், உழைப்பவன் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தான். குடியன் அல்லன், சோம்பேறி அல்லன், கூலி போதவில்லை. ஏழ்மைக்கு ஏழையின் குணமே காரணம் என்று பிரசங்க மேடைகளிலே ஓதப்பட்ட வேதம் ஒரு கணக்கினாலே பொய்யாயிற்று.

இனித் தாக்கத்தை நோக்குவோம். 1908இலே முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. எழுபது வயதானோருக்கு வாரம் 5 சிலிங். 1911இலே தேசிய காப்புறுதிச் சட்டம் வந்தது. இளைஞரான சேர்ச்சில் றௌன்றியின் நூலைப் படித்து மனங்கலங்கினார். லொயிட் ஜோர்ஜ் அதனை மேடைகளிலே பயன்படுத்தினார். பத்தாண்டுகளுள் இரு சட்டங்கள்! நான்கு நட்சத்திரக் கதைக்கு இதனைவிட என்ன வேண்டும்? ஆனால் கதையின் ஏனைய பாத்திரங்களையும் மேடைக்கு அழைக்க வேண்டும். போவர் யுத்தத்துக்கு ஆள் சேர்த்தபோது தொழிலாளர் இளைஞரின் மெலிந்த உடல்களைக் கண்டு அரசு நடுங்கியது. முதியோர் ஓய்வூதியத்துக்காகத் தொழிற்சங்கங்கள் 1899இலே தமக்கென ஒரு குழுவை அமைத்து ஊர் ஊராகக் கூட்டம் போட்டன. 1906 தேர்தலிலே தொழிலாளர் பிரதிநிதிகள் 29 பேர் பாராளுமன்றம் புகுந்தனர். றௌன்றியின் இலக்கம் இவர்களுடைய வாயிலே வாக்குவாதமாகவும் கையிலே ஆயுதமாகவும் மாறியது. நூல் மட்டும் இருந்து இவர்கள் இல்லாதிருந்தால், அது யோர்க் நகர நூலகத்தின் மேற்றட்டிலே தூசி படிந்திருக்கும்.

இதிலும் கூர்ந்து நோக்கவேண்டிய ஒன்றுண்டு. முதுமைக்கும் நோய்க்கும் சட்டம் வந்தது. வறுமையின் முதற் காரணமென்று றௌன்றி கண்ட கூலிக்குறைவுக்கு என்ன வந்தது? 1909இன் தொழிற் சபைகள் சட்டம் வந்தது. தையல், பெட்டி செய்தல், லேஸ், சங்கிலி செய்தல் ஆகிய நான்கு தொழில்களிலே ஆகக்குறைந்த கூலியை நிர்ணயிக்க அது வழிசெய்தது. ஏனைய தொழிலாளர் காத்திருந்தனர். ஆராய்ச்சியிலே ஆளும் வர்க்கம் தனக்குச் செரிக்கக் கூடியதை எடுத்து உண்டது. எலும்பைத் தட்டிலே விட்டது. தாக்கக் கதை உண்ணப்பட்டதைக் கணக்கெடுக்கும். தட்டிலே எஞ்சியதைக் கணக்கெடுக்கும் பத்தி அப்படிவத்தில் இல்லை.

தாக்கம் நன்மையாகத்தான் இருக்கும் என்பதற்குத்தான் என்ன உறுதி? ('தாக்கு' என்ற பகுதியிலிருந்தே இச்சொல் பிறந்தது என்பதைத் தமிழாசிரியன் நினைவூட்டாமல் இருக்க முடியாது.) கார்மென் றைன்ஹார்ட், கெனத் றொகோவ் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் இருவர் 2010இலே வெளியிட்ட கட்டுரையைக் கவனியுங்கள். அவர்கள் பிரித்தானிய மதிப்பீட்டுக்கு உட்பட்டவரல்லர். ஆயின் அக்கட்டுரை பிரித்தானியா வரை எட்டியது. அரசின் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 90ஐத் தாண்டினால் வளர்ச்சி சரியும். முன்னேறிய நாடுகளிலே சராசரி வளர்ச்சி பூச்சியத்துக்கும் கீழே 0.1 ஆகும் என்பது அதன் செய்தி. நிதியமைச்சராக வரவிருந்த ஜோர்ஜ் ஒஸ்போன் அவ்வாண்டு பெப்ரவரியிலேயே இவர்களை மேற்கோள் காட்டினார். ஐரோப்பிய ஆணைக்குழுவின் ஒல்லி ரேன் காட்டினார். அமெரிக்காவிலே போல் றயன் காட்டினார். நூலகங்கள் மூடப்பட்டதற்கும் உதவிப்பணங்கள் வெட்டப்பட்டதற்கும் சாட்சியாக நின்ற ஆராய்ச்சிகளுள் இது முதன்மையானது.

2013இலே மசசூசற்ஸ் பல்கலைக் கழகத்தின் மாணவரொருவர், தோமஸ் ஹேர்ன்டன், வகுப்பு வேலையாக அக்கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தார். கணினிக் கணக்குத்தாளிலே ஐந்து வரிசைகள் கூட்டலுக்குள் அகப்படாமல் விடுபட்டிருந்தன: அவுஸ்திரேலியா, ஒஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க். அது சிறு பிழை. பெரும் பிழைகள் வேறு. சில நாடுகளின் சில ஆண்டுகள் சேர்க்கப்படவில்லை. நியூசிலாந்தின் ஒரேயோர் ஆண்டு, பிரித்தானியாவின் பத்தொன்பது ஆண்டுகளுக்குச் சமமாக நிறுக்கப்பட்டிருந்தது. ஹேர்ன்டனும் அவருடைய ஆசிரியர் இருவரும் திருத்திய கணக்கிலே சராசரி வளர்ச்சி 2.2 ஆக நின்றது. கூட்டற் பிழையைக் கட்டுரையாசிரியர் ஒப்புக்கொண்டனர். தமது பொது முடிபைக் கைவிடவில்லை.

எட்டிய தூரத்தையும் கனதியையும் மட்டும் அளந்தால் இக்கட்டுரைக்கு ஈடானவை சிலவே. அதனைத் திருத்திய மாணவரின் கணக்கோ வெட்டப்பட்ட உதவிப்பணங்களை மீட்டுக் கொடுக்கவில்லை. சிக்கன நடவடிக்கை கட்டுரையாற் பிறந்ததென்று நான் கூறவில்லை. சிக்கனத்தை முன்னரே தீர்மானித்தவர்களுக்குக் கட்டுரை தேவைப்பட்டது, கிடைத்தது. றௌன்றியைத் தொழிற்சங்கங்கள் தேடியெடுத்ததுபோல, இவர்களை நிதியமைச்சுக்கள் தேடியெடுத்தன. ஆராய்ச்சி தன் கால்களால் நடப்பதில்லை. தேவையுள்ள ஒரு வர்க்கத்தின் தோளிலேறியே அது பயணஞ் செய்கின்றது. தாக்கத்தை அளப்பவர் தோளை விட்டுவிட்டு, ஏறியிருப்பவனின் உயரத்தை அளக்கின்றனர்.

அமெரிக்கச் சமூகவியலாளர் கெரொல் வைஸ் 1979இலேயே ஆராய்ச்சியின் பயன்பாடு என்பதற்கு ஏழு வேறு பொருள்கள் உண்டென்று காட்டினார். ஒரு முடிபை ஓர் அதிகாரி எடுத்துச் சட்டமாக்குவது அவற்றுள் ஒன்று. கருத்துக்கள் மெல்லக் கசிந்து மக்களின் பார்வையை மாற்றுவது இன்னொன்று. 2014இன் கதைகளைப் பின்னர் ஆராய்ந்த இலண்டன் கிங்ஸ் கல்லூரியினர், ஆராய்ச்சியிலிருந்து தாக்கத்துக்குச் செல்லும் 3,709 வேறுபட்ட வழிகளைக் கண்டனர். இத்தனை வழிகளையும் ஒரே படிவம் நான்கு பக்கத்துக்குள் அடக்க முயன்றது. அடங்காதபோது கடிதத்தலைப்பு ஒன்று வேண்டப்படுகின்றது. அமைச்சரின் கடிதத்தலைப்பு அகப்பட்டால் சாலச் சிறந்தது. அகப்படாதபோது தோட்டப் பாடசாலையினதும் உதவும்.

எமது கதைக்கு வருகின்றேன். நிரப்பப்பட்ட வினாக்கொத்துக்களை வந்தவர்களிடம் ஒப்படைப்பதற்கு முதல்நாளிரவு, எம்முடன் கற்பித்த இளம் கணித ஆசிரியை அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோனார். ஒவ்வொரு பிள்ளையும் எந்த டிவிசனிலிருந்து எத்தனை மைல் நடந்து வருகின்றது என்பதை ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியிலே பிரதி செய்துகொண்டார். பெயர்களை எழுதவில்லை. யாரும் அவரைக் கேட்கவுமில்லை. தூரத்து டிவிசன்களின் பிள்ளைகளே மழைக்காலத்தில் முதலில் நின்றுவிடுகின்றனர் என்பது அப்பட்டியலில் வெளிப்படையாகத் தெரிந்தது. பெற்றோர் கூட்டத்திலே அது வாசிக்கப்பட்டது. லயங்களிலிருந்து வந்த தாய்மார் காலைநேர பஸ்ஸொன்று வேண்டுமென்று மனுவெழுதக் கேட்டனர். பட்டியல் மனுவுடன் இணைக்கப்பட்டது. தோட்டத் தலைவர்மார் இருவர் ஒருநாட் சம்பளத்தை இழந்து டிப்போவுக்குப் போயினர். திருப்பியனுப்பப்பட்டனர். மறுபடியும் போயினர். பஸ் வந்தது. வரவு உயர்ந்தது.

இதிலே ஆராய்ச்சிக்குப் பங்கில்லை என்று சொன்னால் அது பொய். வினாக்கொத்து இல்லாவிட்டால் அப்பட்டியலும் இல்லை. ஆகவே அதிபரும் நானும் அக்கணித ஆசிரியையும் கூடியிருந்து ஒரு கடிதம் எழுதினோம். முதற் பந்தியிலே வரவு உயர்ந்ததை உறுதிப்படுத்தினோம். இரண்டாம் பந்தியிலே பஸ்ஸையும், மனுவையும், தாய்மாரையும், டிப்போவுக்கு இருமுறை போனவர்களையும் எழுதினோம். மூன்றாம் பந்தியிலே வினாக்கொத்துக்கு நன்றி கூறி, ஆராய்ச்சி அறிக்கையின் பிரதியொன்றைப் பாடசாலை நூலகத்துக்கு, இயலுமாயின் தமிழிலே, அனுப்பும்படி கேட்டோம்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். கடிதம் பேருதவியாக உள்ளதென்றும், இரண்டாம் பந்தியை மட்டும் நீக்கிவிட்டு மீண்டும் அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தனர். அறிக்கையைப் பற்றி அதில் எதுவும் இருக்கவில்லை.